மேளக்காரர் இல்லாத தாளம்

பினாங்கு மாநிலத்தின் தெற்குக் கோடியில், பேராக் எல்லையை ஒட்டி, கிரியான் ஆறு மலாக்கா நீரிணையை நோக்கி ஓடுகிறது. நிபோங் திபாலில் இருட்டிய பிறகு படகேறினால், கொஞ்ச தூரத்திலேயே கரையோரச் சதுப்பு மரங்கள் ஒளிரத் தொடங்கும். மலாய்க்காரர்கள் கெலிப்-கெலிப் என்பார்கள், நமக்கு மின்மினி. தமிழ்நாட்டுக் கிராமத்தில் பார்க்கும் மின்மினி அங்கொன்று இங்கொன்றாகப் பறந்துகொண்டே மின்னும். மலேசிய ஆற்றங்கரை மின்மினிகள் வேறு வகை. தெரோப்டிக்ஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த இவை பெரெம்பாங் போன்ற சதுப்பு மரங்களில் கூட்டங்கூட்டமாக உட்கார்ந்து, இலைக்கு இலை தொற்றியதுபோல் மின்னும். சற்று நேரம் ஆனதும் மரமே மொத்தமாக எரியும், மொத்தமாக அணையும். மறுபடி எரியும். மணிக்கணக்கில் இது நடக்கும்.

இந்த வட்டாரம் தமிழர்களுக்கு நெருக்கமானது. வெல்லஸ்லி மாநிலம் என்று பிரிட்டிஷார் பெயரிட்ட இன்றைய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். ஆற்றோரத்தில் அந்த மரங்களை முதன்முதலாகக் கண்ட இரவில் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். எதையும் அவர்கள் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எழுதி வைத்தவர் ஐரோப்பியர்: எங்கல்பர்ட் கேம்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1690-இல் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, வந்து, அங்கே ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் ஒருசேர மின்னி ஒருசேர அணைவதைக் கண்டார். அவர் இறந்த பிறகு, 1727-இல் வெளிவந்த நூலில் அந்தக் குறிப்பு இடம்பெற்றது.

அதன் பிறகு 200 ஆண்டுகளுக்கு மேல் அறிவுலகம் இதை நம்பத் தயங்கியது. தயக்கத்துக்கு நியாயம் உண்டு. பினாங்கின் தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் காவடிக் கூட்டம் ஒரே அடவில் ஆடுகிறதென்றால், உறுமி மேளம் தாளத்தைப் பிடித்துக் கொடுக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான பூச்சிகள் உள்ள மரத்தில் மேளக்காரர் யார்? தலைமைப் பூச்சி ஒன்று இருந்தாலும், மரத்தின் மறுபக்கத்தில் இருப்பவை அதை எப்படிப் பார்க்கும்? 1917-இல் ‘சயன்ஸ்’ இதழுக்குக் கடிதம் எழுதிய பிலிப் லாரன்ட் என்ற அமெரிக்கர், தாம் கண்ட ஒருசேர்ந்த மின்னலுக்குக் காரணம் தம்முடைய இமைகள் துடித்ததுதான், பூச்சிகளுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை என்று முடிவுகட்டினார். பூச்சிகள் சேர்ந்து மின்னியதை நம்புவதைவிடத் தம் கண்ணைச் சந்தேகிப்பது அவருக்கு எளிதாக இருந்தது.

இந்தப் புதிர் அவிழ்ந்த விதம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். எந்த ஒரு துறையும் இதைத் தனியாக அவிழ்க்கவில்லை. 1935-இல் அதே ‘சயன்ஸ்’ இதழில் சயாமின் மின்மினிகளைப் பற்றி விரிவாக எழுதி, இது மெய்யாகவே நடக்கிறது என்று அடித்துச் சொன்ன ஹியூ ஸ்மித், மீன்வளத்துறை நிபுணர். சயாம் அரசுக்கு மீன்வள ஆலோசகராக வந்தவர், ஆறுகளிலேயே இரவுகளைக் கழித்ததால் இதைப் பார்த்தார். 1960-களின் நடுவில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற உயிரியல் தம்பதியர் தாய்லாந்துக்குப் போய், பிடித்த மின்மினிகளை பாங்காக் ஓட்டல் அறை ஒன்றில் விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். முதலில் அவை தாறுமாறாக மின்னின. சுவரில் உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருந்த இரண்டு சேர்ந்துகொண்டன, பிறகு மூன்று, பிறகு சிறு குழுக்கள். தலைவன் என்று எதுவும் இல்லை. ஒவ்வொரு பூச்சியும் அண்டை ஒளியைப் பார்த்துத் தன் நேரத்தைத் திருத்திக்கொண்டது, அவ்வளவுதான். அந்த இனத்தில் ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 560 மில்லிவிநாடி, அதாவது அரை நொடிக்குச் சற்று அதிகம்.

பார்த்தாகிவிட்டது. ஆனால் ‘அண்டையைப் பார்த்துத் திருத்துவது’ என்ற சின்ன விதி ஒரு மரம் முழுவதையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்துவிடுமா? ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் குழப்பம்தானே மிஞ்ச வேண்டும்? பூச்சியியலால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பதில் இதயத்திலிருந்து வந்தது.

நம் இதயத்தின் மேல்பகுதியில் சுமார் 10,000 உயிரணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. இதயத் துடிப்பைத் தொடங்கி வைப்பது அதுதான். அந்த 10,000-க்கும் தலைவன் கிடையாது. ஒவ்வொன்றும் தானாகவே மின்னூட்டம் ஏற்றி, எல்லையைத் தொட்டதும் வெடித்து, மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. இருந்தும் எல்லாம் ஒன்றாக வெடிப்பதால்தான் இதயம் ஒரே அடியாக அடிக்கிறது. நியூயார்க்கின் கணிதவியலாளர் சார்லஸ் பெஸ்கின் 1975-இல் இதற்கொரு கணித மாதிரி அமைத்தார். அதில் ஒவ்வொரு அணுவின் மின்னூட்டமும் முதலில் வேகமாகவும், எல்லையை நெருங்கும்போது மெதுவாகவும் ஏறும். ஓர் அணு வெடித்ததும் மற்றவற்றுக்கு ஒரு சிறு உந்துதல் கிடைக்கும். இரண்டு அணுக்கள் மட்டும் இருந்தால் அவை கட்டாயம் ஒன்றுசேரும் என்று அவர் நிறுவினார். எத்தனை இருந்தாலும் சேரும் என்பது அவருடைய ஊகமாகவே நின்றது.

15 ஆண்டுகள் கழித்து, 1990-இல், ரென்னி மிரோலோவும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் அந்த ஊகத்தை நிறுவினார்கள். சூட்சுமம் அந்த ஏற்றத்தின் வளைவில் இருக்கிறது. எல்லைக்கு அருகில் ஏற்றம் மந்தம் என்பதால், அந்த இடத்தில் கிடைக்கும் சிறு உந்துதல் அதிக நேரத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது. தொடக்க நிலையில் இருப்பவற்றுக்கு அதே உந்துதலால் கொஞ்ச நேரம்தான் மிச்சம். விளைவாக, வெடிக்கும் தறுவாயில் உள்ளவை தம்மை உந்தியவற்றோடு சேர்ந்தே வெடித்துவிடுகின்றன. ஒருமுறை சேர்ந்தவை பிறகு பிரிவதில்லை. சேர்ந்த கூட்டத்தின் உந்துதலும் பெரிதாகிறது. அது இன்னும் பலவற்றை இழுத்துக்கொள்கிறது. எல்லாம் ஒன்றையொன்று பார்க்க முடிந்தால், எங்கிருந்து தொடங்கினாலும் ஏறக்குறைய எப்போதும் ஒரே தாளத்தில்தான் போய் முடியும். உண்மையான மின்மினிகள் இந்தக் கணக்கைவிடச் சிக்கலானவை. சில தெரோப்டிக்ஸ் இனங்கள் அண்டை ஒளியைக் கண்டதும் தம் அடுத்த மின்னலை முன்னே இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளிப்போடுகின்றன. ஆனாலும் மேளக்காரர் இல்லாமலே தாளம் பிறக்க முடியும் என்பது அன்று கணிதமாகவே உறுதியானது.

ஏன் சேர்ந்து மின்ன வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு விடை அமெரிக்காவின் ஸ்மோக்கி மலை மின்மினிகளிடமிருந்து கிடைத்தது. ஆண் பூச்சிகளைப் போல மின்னும் சிறு எல்.இ.டி. விளக்குகளைப் பெண் பூச்சியின் முன் வைத்து நடத்திய, 2010-இல் வெளியான ஆய்வு அது. விளக்குகள் ஒருசேர மின்னியபோது பெண்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் பதில் ஒளி கொடுத்தன. தாறுமாறாக மின்னியபோது 10 விழுக்காடு கூட இல்லை. ஒளிக்குப்பைக்கு நடுவே தன் இனத்தை அடையாளம் காண அந்தப் பூச்சிக்குத் தாளம் வேண்டியிருக்கிறது. மலேசிய இனங்களுக்கும் இதே காரணம்தானா என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது.

இந்தக் கணிதம் மின்மினியோடு நிற்கவில்லை. ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1665-இல் நோயுற்றுப் படுத்திருந்தபோது, ஒரே மரச்சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்கள் தாமாகவே இசைந்து, எதிரெதிராக ஆடுவதைக் கவனித்தார். 1967-இல் ஆர்தர் வின்ஃப்ரீ, 1975-இல் ஜப்பானின் யோஷிகி குராமோட்டோ என்று தொடர்ந்தவர்கள் கடிகாரம், உயிரணு, பூச்சி எல்லாவற்றுக்கும் பொதுவான சமன்பாடுகளை எழுதினார்கள். குராமோட்டோவின் கணக்கு சொல்வது இது: ஒவ்வொன்றின் இயல்பான வேகமும் மற்றவற்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, அவற்றுக்கிடையே பிணைப்பு எவ்வளவு வலுவானது, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல் உண்டு. வாசலுக்கு இப்பால் வெறும் இரைச்சல். அதைத் தாண்டினால் திடீரென்று ஒழுங்கு பிறக்கும்.

அந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பது மலேசியர்களுக்கு அனுபவம். ஒரு மின்கட்டமைப்பில் இணைந்த ஜெனரேட்டர்கள் எல்லாம் நொடிக்கு 50 சுழற்சி என்ற ஒரே தாளத்தில் ஓட வேண்டும். 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, திரங்கானு மாநிலத்தின் பாக்கா மின்நிலையத்தையொட்டி ஏற்பட்ட கோளாறு அப்படியே பரவி, தீபகற்ப மலேசியா முழுவதையும் பல மணி நேரம் இருளில் தள்ளியது. மறுபுறம், ஒழுங்கு கூடிப்போனாலும் ஆபத்துதான். மூளையில் நரம்பணுக்கள் அளவுக்கு மீறி ஒன்றாக வெடிப்பதுதான் வலிப்பு நோயின் தாக்குதல். எனவே மின்பொறியாளரும் நரம்பியல் மருத்துவரும் பூச்சியியலாளரும் ஒரே சமன்பாட்டை மூன்று திசைகளிலிருந்து முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். இவர்களை ஒரே அறையில் உட்கார வைப்பது யார்?

இங்கேதான் பினாங்குத் தீவின் குளுகோர் பகுதியில், மிண்டன் மேட்டில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நினைவுக்கு வருகிறது. எல்லோரும் யு.எஸ்.எம். என்பார்கள். 1969-இல் இரவல் கட்டடத்தில் 57 மாணவர்களோடு பினாங்குப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 1971-இல் பிரிட்டிஷ் ராணுவம் விட்டுச் சென்ற மிண்டன் முகாமுக்கு இடம்மாறியது. நாட்டின் இரண்டாவது பல்கலைக்கழகம். அறிவியலுக்கென்று தொடங்கிய அதன் முதல் துணைவேந்தர் ஹம்சா செண்டுட், நகரங்களை ஆராய்ந்த புவியியல் அறிஞர். வழக்கமான பெரும்புலங்களாகப் பிரித்து மதில் எழுப்பாமல், சிறு சிறு கல்வி மையங்களாக அமைத்து, ஒரு மையத்து மாணவர் இன்னொன்றில் போய்ப் படிக்க வழிவைத்தார்கள். வேலைக்கு ஆள் வேண்டி அவசரமாகப் பல்கலைக்கழகங்களைத் திறந்துகொண்டிருந்த ஒரு காலத்தில் இது துணிச்சலான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் துணிச்சலுக்குப் பலன் இருந்தது. 1991-இல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்குக் குகை ஒன்றில், சுரைனா மஜித் தலைமையிலான யு.எஸ்.எம். தொல்லியலாளர்கள் ஒரு மனித எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தார்கள். ‘பேராக் மனிதன்’ என்று பெயர் பெற்ற அதன் வயது 10,000 ஆண்டுகளுக்கு மேல். ஒரு கை குறைபட்டிருந்தது. விரல் எலும்புகள் இயல்பைவிடக் குட்டை. அது பிறவியிலேயே வரும் ஓர் அரிய மரபுக் குறைபாடு என்று இனங்காண மருத்துவ அறிவு வேண்டியிருந்தது. அப்படியொருவர் வளர்ந்து ஆளாகி வாழ்ந்து, படையல்களோடு மரியாதையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்றால், அவரைச் சுற்றியிருந்த சமூகம் எப்படிப்பட்டது என்று கேட்பது மானுடவியல். ஒரே எலும்பு, அதைச் சுற்றி மூன்று துறைகள்.

இப்போது பல்கலைக்கழகங்களில் பல துறை பேச்சாளர்களை ஒரே மேடையில் ஏற்றும் நிகழ்வுகள் பெருகிவிட்டன. 1984-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டெட் மாநாடு, தன் பாணியில் உள்ளூர்க்காரர்களே கூட்டம் நடத்திக்கொள்ள 2009-இல் அனுமதி கொடுத்தது முதல், உலகெங்கும் டெட்எக்ஸ் மேடைகள் முளைத்தன. ஜார்ஜ் டவுன் கடலோரச் சாலையான வெல்ட் கீயின் பெயரிலேயே ஒன்று நடந்திருக்கிறது. பேச்சுக்கு 18 நிமிடம் என்பது உச்சவரம்பு. ஒரு மருத்துவர், ஒரு பொறியாளர், ஓர் ஓவியர், ஒரு சமூக சேவகர் என்று வரிசையாக வந்து பேசிவிட்டுப் போவார்கள். இவற்றில் நல்லவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பல துறையினரை ஒருவர் பின் ஒருவராகக் கேட்பதனால் மட்டும் துறைகள் சந்தித்துவிடுவதில்லை. மருத்துவர் பேசும்போது பொறியாளர் அடுத்த தம் முறைக்காகப் பதற்றத்தோடு காத்திருக்கிறார். அவ்வளவுதான் அவர்களுக்குள் உறவு. குராமோட்டோவின் கணக்குப்படி பார்த்தாலும், பிணைப்பே இல்லாதபோது எத்தனை பேரை ஏற்றினாலும் வாசலைத் தாண்ட முடியாது.

நடுவில் ஒரு கேள்வியை வைக்க வேண்டும். யு.எஸ்.எம்.மின் பொறியியல் வளாகம் இருப்பதே நிபோங் திபாலில்தான், அந்த ஆற்றுக்குப் பக்கத்தில். கரையோரம் ஒரு தெருவிளக்கு நட்டால் எத்தனை மரங்களின் தாளம் கெடும் என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டால் போதும். பூச்சியின் கண் எந்த நிறத்தைப் பார்க்கிறது என்று உயிரியலாளர் சொல்லலாம். அந்த நிறத்தைத் தவிர்க்கும் விளக்கைப் பொறியாளர் வடிவமைக்கலாம். எத்தனை பூச்சி குறைந்தால் மரம் இரைச்சலுக்குத் திரும்பும் என்பது கணிதக்காரரின் வேலை. போன வருடம் எரிந்த எந்த மரம் இந்த வருடம் இருண்டு கிடக்கிறது என்பது படகோட்டிக்குத்தான் தெரியும். அவரையும் மேடைக்கு அழைக்க வேண்டும். முதல் வரிசையில் உட்கார வைத்துக் கைதட்டச் சொல்வதற்காக அல்ல, பேசுவதற்காக.

கேட்பவர்கள் பக்கமும் சும்மா இருப்பதில்லை. அரங்கில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குள் நடப்பவை தனி அதிசயம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஊரி ஹாசனும் சகாக்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் தன் பள்ளிப்பருவக் கதையை முன்தயாரிப்பில்லாமல் சொன்னபோது அவருடைய மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. பிறகு அந்தக் கதையைக் கேட்டவர்களின் மூளைகளும். கேட்டவர் மூளையின் செயல்பாடு, சொன்னவர் மூளையைச் சில நொடிகள் பின்தங்கிப் பின்தொடர்ந்தது. சில பகுதிகளில் சொல்பவரை முந்திக்கொண்டும் போனது: அடுத்து வரப்போவதை மூளை ஊகித்துக் காத்திருந்தது. அப்படி முந்தியவர்களே கதையை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்ய மொழியில் கதை சொன்னபோது இந்த இசைவு காணாமல் போனது.

2021-இல் வெளியான இன்னோர் ஆய்வு இதயத்தைப் பார்த்தது. ஜூல் வெர்னின் கடலடிக் கதையை ஒலிப்புத்தகமாக ஆளுக்காள் தனியே கேட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. இருந்தும் கதையின் ஒரே இடங்களில் அவர்களுடைய இதயத் துடிப்பின் வேகம் கூடியும் குறைந்தும் ஒத்துப்போனது. கவனம் சிதறியவர்களிடம் அந்த ஒப்பு குறைந்தது.

பேச்சு முடிந்ததும் வருவதுதான் கைதட்டல். அதையும் இயற்பியலாளர்கள் விட்டுவைக்கவில்லை. ஜோல்டான் நேடா, தமாஷ் விச்செக், ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாசி முதலிய ஐவர், ருமேனியா, ஹங்கேரி நாட்டு அரங்குகளின் கூரையில் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டுப் பதிவுசெய்தார்கள். கட்டுரை 2000-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்த நாடுகளில் நல்ல நிகழ்ச்சிக்குப் பின் இடிமுழக்கம்போல் எழும் கைதட்டல், யாரும் சொல்லாமலே சற்று நேரத்தில் ஒரே தாளத்துக்கு வந்துவிடும். எப்படி? ஆர்வத்தோடு தட்டும்போது ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 4 முறை தட்டுகிறார். அந்த வேகத்தில் ஆளுக்கு ஆள் வேறுபாடு அதிகம். குராமோட்டோவின் வாசலைத் தாண்ட வழியில்லை. தாளம் பிறப்பதற்குச் சற்று முன் கூட்டம் தன் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறது. நம் சங்கீதக்காரர்கள் மொழியில் சொன்னால், இரண்டாம் காலத்தில் தட்டிக்கொண்டிருந்தவர்கள் முதல் காலத்துக்கு இறங்குகிறார்கள். மெதுவாகத் தட்டும்போது மனிதர்கள் ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருக்கிறார்கள். வேறுபாடு சுருங்குகிறது, வாசல் திறக்கிறது, தாளம் பிறக்கிறது.

அந்தத் தாளம் நிலைப்பதில்லை. பாதி வேகத்தில் தட்டினால் மொத்த ஓசை குறைகிறது. இன்னும் பலமாகப் பாராட்ட வேண்டுமென்று கூட்டம் நினைக்கிறது, வேகம் ஏறுகிறது, ஏறியதும் வேறுபாடு விரிந்து தாளம் உடைகிறது. ஒன்றாகவும் தட்ட வேண்டும், உரக்கவும் தட்ட வேண்டும் என்ற இரண்டு ஆசைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற அந்தக் கூட்டத்தால் முடிவதில்லை. ஒரே கைதட்டலுக்குள் இந்த ஏறுதலும் இறங்குதலும் பலமுறை மாறிமாறி வந்ததை அந்தப் பதிவுகள் காட்டின.

மலேசிய அரங்குகளில், தமிழர், மலாய்க்காரர், சீனர் கலந்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், இது எப்படி நடக்கிறது? இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மிண்டனில் இருக்கும் துவாங்கு சையத் புத்ரா மண்டபத்தில், அடுத்த பேச்சு முடியும்போது ஒரு மாணவர் கைப்பேசியை மேலே எங்காவது வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டால் போதும். பதிவை அலைவடிவமாக விரித்துப் பார்ப்பது இயற்பியல் படிப்பவருக்கு ஓர் இரவு வேலை. எந்த நொடியில் காலம் மாறியது என்று கண்டுபிடிக்க மட்டும் அவர் மிருதங்கம் பழகிய நண்பர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.